இன்னொருவருடைய விமானம்

பிறர் பொருளைக் கையில் வாங்கி, அதற்கு ஓர் உருவம் கொடுத்து, உரியவரிடம் திருப்பிக் கொடுப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள் நம்மிடையே பலர். தையற்காரரும் தட்டாரும் தச்சரும் கொத்தனாரும் அந்த வரிசையில் நிற்பவர்களே. தனக்காக ஒன்றைச் செய்துகொள்பவன் தன் மனம் நிறைந்தால் போதும் என்று இருந்துவிடலாம். பிறருக்காகச் செய்பவனோ தன் கைத்திறனுக்கும் பிறர் விருப்பத்துக்கும் ஒருசேரக் கடமைப்பட்டவன். இரண்டும் ஒத்துப்போகும்வரை தொல்லையில்லை. அவை பிணங்கும் இடத்தில்தான் செய்பவனின் குணம் சோதனைக்கு உள்ளாகிறது.

அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைத்துவிடுமாறு திருக்குர்ஆன் நமக்குக் கட்டளையிடுகிறது. பணமும் நகையும் ஆவணமும் அமானிதம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒருவர் தம் நினைவில் வைத்திருக்கும் ஒன்றை நம்மிடம் சொல்லி, அதை அப்படியே செய்து கொடுங்கள் என்று கேட்டால் அதுவும் அமானிதந்தானே? இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது பெரிய காரியம் எதுவுமன்று. உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய ஒரு பிளாஸ்டிக் போர்விமானம்.

எங்கள் காளப்பநாயக்கன்பட்டி கொல்லிமலையின் அடிவாரத்தில் உள்ள ஒரு பேரூர். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாக மலைக்குப் போகும் பேருந்து எங்கள் ஊரைக் கடந்துதான் காரவள்ளியை அடைகிறது. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிச் சோளக்காட்டைச் சேர்கிறது. மலையிலிருந்து மிளகும் பலாவும் அன்னாசியும் இறங்கி வரும். எங்கள் பக்கத்து மரவள்ளிக்கிழங்கு சவ்வரிசி ஆலைகளுக்குப் போகும். இங்கே விமானம் என்று சொன்னால், பெரியவர்களுக்குக் கோயில் கருவறையின் மேல் எழும் விமானம் நினைவுக்கு வரும். பிள்ளைகளுக்கு வானத்தில் எட்டாத உயரத்தில் வெண்கோடு இழுத்துக்கொண்டு போகும் விமானம் நினைவுக்கு வரும். இரண்டையும் அண்ணாந்து பார்த்துத்தான் பழக்கம்.

ஆனால் பிறருடைய வாகனத்தைக் கட்டிக் கொடுப்பது எங்கள் மாவட்டத்துக்குப் புதிதன்று. லாரிக்குப் பாடி கட்டும் நாமக்கல் பட்டறைகள் நாடறிந்தவை. வெறும் சேஸாக வந்து நிற்கும் வண்டி, தச்சரும் கொல்லரும் பெயிண்டரும் கைவைத்த பிறகு முழு லாரியாக வெளியே போகிறது. அதன் நெற்றியில் எழுதப்படுவது முதலாளியின் குலதெய்வம் அல்லது அவருடைய பிள்ளைகளின் பெயர். கட்டியவருடைய பெயர் ஒரு மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும். சிறுவயதில் அந்தப் பட்டறைகளின் வாசலில் நின்று, தூரிகை பிடித்தவர்களின் மணிக்கட்டைப் பார்த்துப் பார்த்தே நான் கோடு இழுக்கக் கற்றேன். பிறகு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றேன். இந்த வேலை என்னைத் தேடி வந்ததற்கு அதுவே காரணம்.

வேலையைக் கொண்டுவந்தவர் என் அண்டை வீட்டுக்காரர். இளமையில் விமானப்படையில் சேர்ந்து, எஞ்சின் ஃபிட்டராகப் பணியாற்றிச் சார்ஜெண்டாக ஓய்வு பெற்றவர். அவரை நான் அண்ணா என்பேன். அவருக்கு நான் வாத்தியார். சென்ற 2025ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், சிங்கப்பூரில் இருக்கும் அவருடைய மகள் ஓர் அட்டைப் பெட்டியை அனுப்பியிருந்தார். உள்ளே ஒரு மிக்-21 விமானத்தின் மாதிரி, சாம்பல்நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. அவருடைய கைகளில் சில ஆண்டுகளாகவே நடுக்கம். தேநீர்க் குவளையையே இரு கையாலும் பிடிப்பவர், நெல்மணியளவு துண்டுகளை எப்படிப் பிடிப்பார்?

“வாத்தியாரே, இதைக் கட்டிக் கொடுங்க. செப்டம்பர் இருபத்தாறுக்குள்ளே வேணும்,” என்றார்.

அந்தத் தேதியின் பொருள் எனக்குத் தெரியும். 1963இல் இந்திய விமானப்படையில் சேர்ந்த மிக்-21, 62 ஆண்டுகள் பணியாற்றியபின் 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெறப் போவதாகச் செய்தி வந்திருந்தது. இந்த வகையில் 870க்கும் மேற்பட்ட விமானங்கள் நம் படையில் இருந்திருக்கின்றன. அவற்றுட் பெரும்பகுதியை இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று நாசிக்கில் உற்பத்தி செய்தது. ஒலியைக் காட்டிலும் இருமடங்கு வேகத்தில் பறக்கவல்ல இந்த விமானம் போர்க்களங்களிற் பெற்ற புகழோடு வேறொரு பெயரும் பெற்றது. விபத்துகள் 400க்கு மேல் என்றும், அவற்றில் உயிரிழந்த விமானிகள் 200 பேருக்கு மேல் என்றும் செய்தித்தாள்கள் கணக்கிட்டு எழுதின. ‘பறக்கும் சவப்பெட்டி’ என்றே தலைப்பிட்டன. அண்ணனுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. செய்தித்தாளில் அதைக் கண்டால் மடித்துக் கீழே வைத்துவிடுவார்.

பெட்டியைப் பிரித்து அளவைப் பார்த்தேன். எழுபத்திரண்டில் ஒன்று என்று போட்டிருந்தது. எங்கிருந்தோ வந்த எண்போலத் தோன்றும் இது, பழைய ஆங்கிலக் கணக்கில் மிக எளியது. ஓர் அடிக்கு 12 அங்குலம். ஆறடிக்கு 72 அங்குலம். ஆகவே ஆறடி மனிதன் இந்த அளவில் ஓர் அங்குலம் உயரம் நிற்பான். 7 மீட்டருக்குச் சற்று அதிகமான மிக்-21இன் இறக்கை அகலம், இங்கே 10 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

பிறருக்காக இந்த அளவில் விமானம் செய்தவர்களுள் பெரும்படை ஒன்று சரித்திரத்தில் உண்டு. 1942இல், இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் மாதிரி விமானங்களைச் செய்து தருமாறு கேட்டது. வானத்தில் வருவது தம்முடையதா பகைவருடையதா என்று நொடிப்பொழுதில் அறியப் படைவீரர்களைப் பழக்குவதற்காக அவை வேண்டியிருந்தன. 35 அடி தொலைவில் வைத்துப் பார்த்தால், இந்த அளவிலுள்ள மாதிரி, ஏறத்தாழ அரை மைல் தொலைவில் பறக்கும் உண்மை விமானம்போல் தோன்றும். மரத்தைச் செதுக்கி அந்தப் பிள்ளைகள் செய்த விமானங்கள் அவர்களுடைய அலமாரிக்குப் போகவில்லை. முகம் அறியாத யாரோ ஒரு வீரன் அவற்றைப் பார்த்துப் பழகினான். அளவு பிசகினால் அவன் கண்ணும் பிசகும். பகைவன் என்று நினைத்துத் தன் தோழனையே சுட்டுவிடவும் கூடும். விளையாட்டுப் பொருள் என்று எண்ணத்தக்க ஒன்றில் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

ஓய்வு பெற்ற ஒரு முதியவனுக்குப் போர்விமானப் பொம்மை செய்வது தகுமா என்று நம்மவருள் சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு நம் ஹதீஸ் நூல்களில் வரும் இனிய செய்தி ஒன்றை நினைவூட்டுவேன். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருள்களுக்கிடையே துணித்துண்டுகளால் இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்ததாம். இது என்ன, குதிரைக்கு இறக்கையா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவியபோது, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையவர்கள் திருப்பிக் கேட்டார்களாம். நாயகம் (ஸல்) அவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என்று அபூதாவூத் நூல் கூறுகிறது. பறக்கும் பொருளொன்றைச் சிறிதாகச் செய்து வைத்துப் பார்த்து மகிழும் ஆசை அவ்வளவு பழையது. அதைக் கண்டு சிரித்த முகமோ அகிலத்துக்கு அருட்கொடையாக வந்த முகம்.

வேலையைத் தொடங்கினேன். இந்தத் துண்டுகளை ஒட்டும் பசை, நாம் அறிந்த கோந்தைப் போன்றதன்று. அது பிளாஸ்டிக்கையே சற்று இளக்கி, இரு துண்டுகளையும் ஒன்றோடொன்று உருக்கிச் சேர்த்துவிடும். இறுகியபின் பிரிக்க முடியாது. ஆகையால் எந்தத் துண்டையும் பசையின்றி ஒருமுறை பொருத்திப் பார்த்து, அரத்தால் தேய்த்து, மறுபடியும் பொருத்திப் பார்த்த பின்னரே ஒட்ட வேண்டும். தாவூத் நபி (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்து, போர்க்கவசங்களைச் செய்யுமாறும், அவற்றின் வளையங்களை அளவோடு ஒழுங்குபடுத்துமாறும் பணித்ததாகத் திருக்குர்ஆன் கூறுகிறது. இரும்பை மென்மையாக்கிக் கொடுத்தவன், அளவு பார்க்கும் பொறுப்பைக் கைவினைஞரிடமே விட்டான் என்பதைச் சிந்திக்க வேண்டும். அணியப்போகிறவனின் உயிர் அந்த அளவிலல்லவா இருக்கிறது?

விமானத்தின் உடல் இடம் வலம் என இரு பாதிகளாக வார்க்கப்பட்டிருந்தது. இரண்டையும் சேர்த்தால், மேலும் கீழும் நெடுக ஒரு தையல் தெரியும். உண்மை விமானத்தில் அப்படிப்பட்ட தையல் கிடையாது. அதை மாவுபோன்ற பூச்சால் நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்து மறைப்பது மாதிரி கட்டுபவர்களின் முதல் பாடம். நான் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் அமர்ந்திருந்த அண்ணன், இறக்கைக்குப் பின்னால் உடலைச் சுற்றி வளையம்போல் ஓடிய மற்றொரு கோட்டை விரலால் தொட்டார்.

“இதை மட்டும் மூடிடாதீங்க.”

மிக்-21இன் எஞ்சினை வெளியே எடுக்க வேண்டுமானால், விமானத்தின் வால்பகுதி முழுவதையும் அந்த இடத்தில் கழற்றிப் பின்னுக்கு இழுக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். பகலிலும் இரவிலும், பனியிலும் வெயிலிலும் அவர் நின்ற இடம் அந்தக் கோடுதான். ஒருமுறை அவர் பார்த்துக்கொண்ட விமானத்துக்கு வேறொரு விமானத்தின் வால் பொருத்தப்பட்டதாம். முன்பாதிக்கும் பின்பாதிக்கும் வண்ணம் சற்றே வேறுபட்டு நின்றதாம். “அதே மாதிரி இருக்கட்டும்” என்றார்.

பெட்டியின் மேலட்டையில் இருந்த விமானமோ மாசு மறுவின்றி மின்னியது. அதைப்போல் ஒரே சீரான வண்ணத்தில் முடிக்க வேண்டும் என்பது என் கையின் ஆசை. பின்பாதி வேறு நிறமாக இருந்தால், பார்ப்பவர்கள் பெயிண்ட் போதவில்லை போலும் என்றுதான் நினைப்பார்கள். ஆயினும் அந்த விமானம் பார்ப்பவர்களுக்காகச் செய்யப்படுவதன்று. மேலட்டை வரைந்தவருக்கு ஒரு விமானம் தெரியும்; இவருக்கு இவருடைய விமானம் தெரியும். லாரி முதலாளி தன் மகளின் பெயரை எழுதச் சொன்னால், அந்தப் பெயர் நன்றாயில்லை என்று பெயிண்டர் மாற்றி எழுதுவதுண்டா? சாம்பல்நிறத்தில் இரண்டு சாயல் கலந்தேன். மூன்று முறை கலந்து காட்டிய பிறகு, “இதுதானுங்க” என்று தலையசைத்தார்.

அடுத்தது மூக்கின் கனம். ஜெட் விமானங்களின் மாதிரிகளுள் பல, முன்னே ஒரு சக்கரமும் பின்னே இரண்டுமாக நிற்பவை. முன்பகுதி லேசாக இருந்தால், மூக்கைத் தூக்கி வாலில் உட்கார்ந்துவிடும். உடலை மூடுவதற்கு முன்பே மூக்கினுள் கனம் வைத்துவிட வேண்டும். தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டுகள் மூன்றை நசுக்கி உள்ளே வைத்தேன். அப்போது ஸ்பெயினின் குர்துபா நகரில் 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் நினைவுக்கு வந்தார். அவர் இறக்கை கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து பறந்து, நல்ல தூரம் சென்று, இறங்கும்போது அடிபட்டதாகப் பிற்கால வரலாற்றாசிரியர் அல்மக்கரீ எழுதியிருக்கிறார். பறவை தன் வாலைக்கொண்டே இறங்குகிறது என்பதை எண்ணாமல் வால் வைக்க மறந்ததுதான் அதற்குக் காரணமாம். அவருக்கு வால் இல்லாத குறை; என் கையிலிருந்ததற்கு வாலே பாரமாகிவிடும் குறை. பறப்பதானாலும் நிற்பதானாலும் முன்னும் பின்னும் சமனாக இருந்தாக வேண்டும்.

இப்னு ஃபிர்னாஸ் தாம் செய்த இறக்கையில் தாமே பறந்தார். விமானம் பெரிதாக வளர்ந்தபின், செய்பவர் வேறு, பறப்பவர் வேறு என்றாயிற்று. இராமேசுவரத்தில் 1931இல் பிறந்த நம் அப்துல் கலாம் அவர்களின் வாழ்க்கை இதற்குச் சான்று. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் பயின்றபோது, தாழப் பறந்து தாக்கும் போர்விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணி அவருக்கும் உடன் பயின்றோர் சிலருக்கும் தரப்பட்டது. வேலை மந்தமாக இருக்கிறதென்று கண்ட பேராசிரியர் சீனிவாசன், மூன்றே நாளில் வரைபடம் வராவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்றார். கலாம் உறக்கத்தைத் துறந்து வரைந்து முடித்தார். அவருடைய கனவு விமானம் ஓட்டுவது. ஆனால் டேராடூனில் நடந்த விமானப்படைத் தேர்வில் 25 பேருள் ஒன்பதாவதாக வந்தார். இருந்த இடங்களோ எட்டு. அதன்பின் பல்லாண்டுகள், பிறர் ஏவவும் பிறர் ஓட்டவும் வேண்டியவற்றைச் செய்துகொண்டிருந்தார். குடியரசுத் தலைவராக இருந்தபோது, 2006 ஜூன் 8 அன்று, தம் 74ஆம் வயதில் புனேயிலிருந்து சுகோய்-30 போர்விமானத்தில் பறந்தார். செய்து கொடுப்பவர்களுள் இப்படி ஒரு நாள் வாய்ப்பவர் மிகச் சிலர். மற்றவர்கள் ஓடுபாதையின் ஓரத்தில் நின்று, போனது திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பவர்களே. எங்கள் அண்ணன் அவர்களுள் ஒருவர்.

விமானி அறையை முடிக்கும் நேரம் வந்தது. பெட்டியில் ஒரு சிறு விமானியின் உருவமும் இருந்தது. தலைக்கவசமும் முகமூடியும் அணிந்து, கையிரண்டையும் மடியில் வைத்து உட்கார்ந்த உருவம். ஓர் அங்குலம்கூட இல்லை. உயிருள்ளவற்றின் உருவங்களைச் செய்வது பற்றி நம் மார்க்க அறிஞர்களிடையே நீண்ட விவாதம் உண்டு. பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களுக்கு அவர்களுள் பலர் விலக்கு அளித்திருக்கிறார்கள். உருவங்கள் செய்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தபோது, செய்துதான் ஆகவேண்டுமென்றால் மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் செய்யுமாறு அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரியில் இருக்கிறது. ஓவிய ஆசிரியனாக இருந்த காலமெல்லாம் இலையையும் பூவையும் மலையையும் கட்டடத்தையும் கரும்பலகையில் விரும்பி வரைந்தவன் நான். அந்தச் சிறு உருவத்துக்கு முகநிறம் தீட்ட என் மனம் ஒப்பவில்லை. ஆனால் விமானம் என்னுடையதன்று. ஆளை வைக்கச் சொன்னால், வண்ணம் தீட்டாமல் தனியே கொடுத்து, உங்கள் பேரன் ஒட்டிக்கொள்ளட்டும் என்று சொல்ல முடிவு செய்துகொண்டேன்.

“அண்ணா, உள்ளே உட்காரவைக்க ஓர் ஆள் இருக்கிறது. உங்கள் விருப்பம் என்ன?” என்று கேட்டேன்.

அவர் அந்த உருவத்தை உள்ளங்கையில் வாங்கினார். கை நடுங்கியதால் அது உருண்டு உருண்டு அசைந்தது. நெடுநேரம் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

“ஆள் வேண்டாமுங்க. கண்ணாடியைத் திறந்தே வையுங்க. ஒரு ஏணி மட்டும் செஞ்சு சாத்தி வையுங்க.”

பிறகு, நான் கேட்காமலே சொன்னார். நாட்டின் ஒரு கோடியில் இருந்த ஒரு தளத்தில், ஒரு காலையில், இளம் அதிகாரி ஒருவர் ஏறி அமர்ந்தார். அவருடைய பட்டைகளைச் சரிபார்த்து, இறங்கி, ஏணியை எடுத்து அப்பால் வைத்தவர் இவர். ஏணியை எடுத்தால்தான் விமானம் நகரும். விமானம் போயிற்று. போனவர் வரவில்லை. விசாரணை நடந்தது, எஞ்சினில் பிழையில்லை என்று தெளிவாயிற்று. இவர்மீது யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. “ஆனா ஏணியை எடுத்தவன் நாந்தானுங்களே, வாத்தியாரே,” என்றார். சற்றுப் பொறுத்து, “ஏணி சாத்தியிருந்தா இன்னும் கிளம்பலேன்னு அர்த்தம்,” என்றார்.

ஆள் வேண்டாம் என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது. அவரிடம் வேறொரு காரணம் இருந்தது. என்னுடையது நூல்களிலிருந்து வந்தது. அவருடையது ஓடுபாதையிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே வெற்றிருக்கையில் வந்து நின்றன. என் காரணத்தை அவரிடம் சொல்ல வேண்டிய தேவை அப்போது இல்லாமற் போயிற்று. பின்னாளிலும் நான் சொல்லவில்லை.

பெட்டியில் ஏணி இல்லை. மின்கம்பியின் உறையை உரித்து, மெல்லிய செப்புக் கம்பிகளை எடுத்து, படி படியாக வெட்டிச் சேர்த்தேன். இந்த விமானத்தில் விமானி அறையின் மூடி வலப்பக்கம் சாய்ந்து திறப்பது, ஏறுவது இடப்பக்கம். ஏணியின் சாய்வு எவ்வளவு, அதன் கொக்கி விளிம்பில் எங்கே பற்றும் என்பவற்றை அண்ணன் ஒரு தாளில் நடுங்கும் கோடுகளால் வரைந்து காட்டினார். அந்த ஏணிக்கு மட்டும் நான்கு மாலைகள் சென்றன. கண்ணாடி மூடியைப் பொருத்துவதற்கு, உடனே பிடிக்கும் பசையைப் பயன்படுத்தலாகாது. அதன் ஆவி பட்டால் கண்ணாடி பனிபடர்ந்ததுபோல் வெளுத்துவிடும். மரவேலைக்குரிய வெள்ளைப் பசையே அதற்கு ஏற்றது. காய்ந்தபின் அது கண்ணுக்குத் தெரியாது.

வண்ணம் பூசும் வேலையை ஆடிக்காற்று தாமதப்படுத்தியது. எங்கள் பக்கத்து ஆடிக்காற்று மலையிடுக்கில் புகுந்து புழுதியை வாரிக்கொண்டு வரும். ஈரப்பூச்சின்மேல் ஒரு தூசி விழுந்தாலும், எழுபத்திரண்டில் ஒன்று என்ற கணக்கில் அது ஒரு கல். ஆகவே ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின், காற்று எழுமுன் கிடைக்கும் ஒருமணி நேரத்தில் மட்டும் பூசினேன். கடைசியாக, மூவண்ண வட்டங்களை நீரில் ஊறவைத்து, காகிதத்திலிருந்து நழுவவிட்டு, இறக்கையில் படியவைத்தேன். வெளியே காவி, நடுவே வெண்மை, உள்ளே பச்சை. செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் வேலை முடிந்தது.

கொண்டுபோய்க் கொடுத்தபோது, “எவ்வளவுங்க?” என்று கேட்டார். பணம் வேண்டாம் என்று சொல்லத்தான் என் நாக்கு எழுந்தது. பக்கத்து வீடு, பழகிய மனிதர், செலவும் பெரிதில்லை. ஆனால் ஒரு நொடி எண்ணிப் பார்த்தேன். கூலி வாங்காமல் கொடுத்தால், அவர் பார்க்கும்போதெல்லாம் அந்த விமானத்தில் என் உபகாரமும் ஒட்டிக்கொண்டிருக்கும். உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதில், வாங்குபவனின் உரிமையோடு கொடுப்பவனின் விடுதலையும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது. 500 ரூபாய் கேட்டேன். அவர் எண்ணிக் கொடுத்தார். நான் எண்ணி வாங்கிக்கொண்டேன். அந்த நொடியில் விமானம் முழுவதும் அவருடையதாயிற்று.

செப்டம்பர் 26 அன்று சண்டிகர் விழாவைத் தொலைக்காட்சியில் பார்க்க என்னையும் அழைத்திருந்தார். கடைசி மிக்-21கள் பறந்து வந்து இறங்கின. தண்ணீரைப் பீய்ச்சி அவற்றுக்கு மரியாதை செய்தார்கள். வீட்டிலுள்ளோர் கைதட்டினார்கள். அண்ணன் கைதட்டவில்லை. இறங்கிய விமானங்களை மட்டும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். எல்லாம் இறங்கிவிட்டன என்று தெரிந்தபின்தான் நாற்காலியில் சாய்ந்தார்.

சில நாட்கள் கழித்து அந்த மாதிரியை மறுபடியும் பார்த்தேன். எஞ்சின் புகைபோக்கியின் விளிம்பிலும், வாலின் அடிப்பக்கத்திலும் கருமை ஏறியிருந்தது. நான் பூசியதன்று. பேரனின் வண்ணப்பெட்டியிலிருந்து கறுப்பை எடுத்து, நடுங்கும் கையால் அவரே தீற்றியிருக்கிறார். கரியும் எண்ணெய்யும் படியாத எஞ்சினை அவர் கண்டதில்லை போலும். தீற்றல் கோட்டைத் தாண்டி வளைந்து போயிருந்தது. அதைத் துடைத்துச் சீராக்க ஐந்து நிமிடம் போதும்.

“எப்படிங்க இருக்குது?” என்று கேட்டார்.

“சரியாக இருக்கிறது அண்ணா,” என்றேன். அது உபசார வார்த்தையன்று.